பின்சீட்டு வாத்தியார்

அறிவழகன்: இஞ்சின் போச்சு.

வினோதினி: டேய்... இப்பதான்டா ஏறி ஒக்காந்தோம்.

அறிவழகன்: அதெல்லாம் இஞ்சினுக்குத் தெரியாது. போச்சுன்னா போச்சு. என்னா பண்ணுவ?

வினோதினி: பஸ்ஸு இன்னும் ஸ்டாண்டையே தாண்டல. தோ, ஒரு அம்மா பூக்கூடையோட ஏறுது. அது ஒக்காரட்டும்...

அறிவழகன்: அவுங்க ஒக்கார்ற வரைக்கும் உன் விமானம் அந்தரத்துல நிக்குமா? செத்துட்ட.

வினோதினி: மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க.

அறிவழகன்: பாக்கட்டும்க்கா. கடலூர்லேர்ந்து சிதம்பரம் போற வரைக்கும் அவுங்களுக்கும் பொழுது போவணுமில்ல. குடைய நேராப் புடி. அதான் உன் ஸ்டிக்கு.

வினோதினி: குடை வேணாம்டா. மனசுலயே நெனச்சு பண்ணிக்கறேன்.

அறிவழகன்: நீதான சொன்ன? உங்க ட்ரெய்னிங்ல பைலட்டுங்க எல்லாம் நாற்காலில ஒக்காந்துகிட்டு இல்லாத விமானத்த ஓட்டிப் பழகுவாங்கன்னு. அங்க நாற்காலி, இங்க அரசுப் பேருந்து. ரெண்டும் பறக்கப் போறதில்ல.

வினோதினி: அங்க எல்லாரும் பண்ணுவாங்கடா. ரூமுக்கு ரூம் ஒருத்தன் கண்ண மூடிக்கிட்டு கைய காத்துல ஆட்டிக்கிட்டிருப்பான். யாரும் யாரையும் ஒரு மாரி பாக்க மாட்டாங்க. இங்க நான் மட்டும்தான லூசு மாரி...

அறிவழகன்: எங்க காலேஜ்ல பரீட்சை அன்னிக்கு வந்து பாரு, கும்பலா அப்டிதான் இருப்பானுங்க. என் பையோட வாரு எங்க?

வினோதினி: தோ, தொடைக்கு நடுவுல.

அறிவழகன்: அதான் கைப்பிடி. அத இழுத்தா?

வினோதினி: சீட்டோட சேத்து என்னைய வெளிய தூக்கி வீசும். அப்புறம் பாராசூட் விரியும். எத்தன தரம்டா சொல்றது?

அறிவழகன்: நீ இழுக்கற வரைக்கும்.

கண்டக்டர்: டிக்கெட், டிக்கெட்... ஏம்ப்பா, ரெண்டு பேரும் ஒண்ணாதான ஏறுனீங்க? பக்கத்துல எடம் காலியா கெடக்கு. ஏன் முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு ஒக்காந்துகிட்டு கழுத்த நீட்டி நீட்டி பேசிக்கிட்டு வரீங்க?

அறிவழகன்: வாத்தியார் பின்னாடிதாண்ணே ஒக்காரணும்.

கண்டக்டர்: யாரு வாத்தியாரு?

அறிவழகன்: நான்தான். இது எங்க அக்கா.

கண்டக்டர்: என்னா பாடம்?

அறிவழகன்: தையல்ணே. திங்கக்கெழம அக்காவுக்குப் பரீட்சை. சிதம்பரம் ரெண்டு குடுங்க.

கண்டக்டர்: குடைய வெச்சுக்கிட்டு என்னா தையலோ... யம்மா, அத கொஞ்சம் சாய்ச்சு வெய்யி. யாரு காலயாவது பொத்து வுட்றப் போற.

வினோதினி: ஏன்டா அவருகிட்ட பொய் சொன்ன?

அறிவழகன்: நெசத்த சொன்னா நம்புவாரா? "அண்ணே, எங்கக்கா ஃபைட்டர் ஜெட்டு ஓட்டக் கத்துக்குது, அதுல ஒரு கைப்பிடிய மட்டும் இழுக்க வரல"ன்னா, ஓ.டி. ஸ்டாப்புலயே எறக்கி வுட்டுருவாரு.

வினோதினி: வரலன்னு சொல்லாத. லேட்டாவுது, அவ்ளோதான்.

அறிவழகன்: எவ்ளோ லேட்டு?

வினோதினி: செத்துப் போற அளவுக்கு.

அறிவழகன்: கொஞ்சூண்டு லேட்டுதான். எங்க காலேஜுக்கு நான் அதவிட லேட்டா போயிருக்கேன். சரி, திங்கக்கெழம என்னா நடக்கும்? மறுபடி ஒருதரம் வெளக்கமா சொல்லு.

வினோதினி: போன தரம் கை நின்ன அதே சிமுலேட்டர்ல டெஸ்ட்டு. கம்ப்யூட்டர் விமானம்தான், ஆனா உள்ள ஒக்காந்தா எல்லாம் நெசம் மாரியே இருக்கும். எப்ப வேணா இஞ்சின நிறுத்துவாங்க. தரைக்குப் பக்கத்துல நின்னா வேற பேச்சே கெடையாது. யோசிக்கக் கூடாது, இழுத்துரணும். பாஸானா மறுபடி பறக்க வுடுவாங்க. கை நின்னுச்சுன்னா...

அறிவழகன்: நின்னுச்சுன்னா?

வினோதினி: ஃபைட்டர்லேர்ந்து எடுத்துருவாங்க. சரக்கு விமானத்துக்குப் போ, இல்ல தரையிலயே ஒரு வேலையப் பாருன்னுடுவாங்க. ஏழாவது படிக்கறப்பலேர்ந்து இது ஒண்ணத்தாண்டா நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். வேற எதையும் கேக்கத் தெரியாது எனக்கு.

அறிவழகன்: டெஸ்ட்டு வெக்கறது யாரு, அதே சாரா?

வினோதினி: இல்ல. புதுசா ஒருத்தரு.

அறிவழகன்: ஏன், பழைய சாருக்கு என்னா?

வினோதினி: அவரு... லீவுல இருக்காரு.

அறிவழகன்: ம்.

வினோதினி: என்னா 'ம்'?

அறிவழகன்: வாத்தியாருங்க லீவு போட்டா சந்தோசப்படறது எனக்குப் பழக்கம். இஞ்சின் போச்சு.

வினோதினி: ஐயோ... இரு இரு... ஸ்பீடு பாக்கறேன், உயரம் பாக்கறேன்...

அறிவழகன்: பாத்துக்கிட்டே இரு.

வினோதினி: இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்...

அறிவழகன்: டெப்போ மெக்கானிக்கா நீ? செத்துட்ட. தலைய பின்னாடி ஒட்டு. முதுக நிமித்து.

வினோதினி: ஆ...

அறிவழகன்: வலிக்குதா?

வினோதினி: இல்ல. ஹாஸ்டல் கட்டிலு சரியில்ல, புடிச்சுக்கிச்சு.

அறிவழகன்: இந்தா, என் சட்டையெல்லாம் இந்தக் கவர்ல இருக்கு. முதுகுக்கு அண்டக் குடு.

வினோதினி: எல்லாம் கசங்கிடும்டா.

அறிவழகன்: பாத்தியா? இதான்... இதான்க்கா உன் வியாதி. எனக்கு இப்பதான் புடிபட்டுது.

வினோதினி: என்னாது?

அறிவழகன்: நம்ம வூடு. நம்ம வூட்ல எதையாச்சும் தூக்கிப் போட்டு நீ பாத்திருக்கியா? பக்கெட்டு ஒடைஞ்சா அப்பா கம்பிய காய்ச்சி ஒட்டுவாரு. மறுபடி ஒழுவுச்சுன்னா அது செடித் தொட்டி. செடி செத்துப் போச்சுன்னா ஆணி போட்டு வெக்கற டப்பா.

வினோதினி: அது நல்ல பக்கெட்டுடா.

அறிவழகன்: புடி இல்லாத மிக்ஸி ஜாரு?

வினோதினி: அதுல அம்மா புளி வெச்சிருக்கு.

அறிவழகன்: அப்பா ஓட்டுன பஸ்ஸுல சைடு கண்ணாடி ஒடைஞ்சுதே, அப்ப என்னா பண்ணாரு? நடு ரோட்ல குனிஞ்சு சில்லு சில்லா பொறுக்கி, துண்டுல முடிஞ்சு, டெப்போவுல கொண்டு போயி வெச்சு, "எல்லாம் இருக்கு சார், சேத்துப் பாத்துக்கங்க"ன்னாரு. அப்பவும் மெமோ குடுத்தாங்க. அந்த மனுசன் பெத்த பொண்ணுகிட்ட போயி, "ம்மா, இந்த விமானம் இனிமே ஆவாது, நீ பாட்டுக்கு எகிறிப் போயிடு"ன்னு சொன்னா எப்டி கை வரும்?

வினோதினி: சிரிக்க வெக்காத... முதுகு...

அறிவழகன்: நீ பாராசூட்ல எறங்குனதும் மொத வேலையா துண்ட விரிச்சு விமானத்தப் பொறுக்குவ.

வினோதினி: அது அரசாங்கத்து சொத்துடா.

அறிவழகன்: நீயும்தான் அரசாங்கத்து சொத்து.

வினோதினி: அங்க ஒரு சாரும் கிட்டத்தட்ட இதே மாரி சொன்னாரு. திட்டாமதான் சொன்னாரு. இரும்ப செஞ்சுக்கலாம்னு...

அறிவழகன்: யாரு? லீவுல இருக்காரே, அவரா?

வினோதினி: ஜன்னல சாத்தேன், காத்து ஜாஸ்தியா அடிக்குது.

அறிவழகன்: இது சாத்துற ஜன்னல் இல்ல. தொறந்து வெச்சது அப்டியே துருப்புடிச்சு நின்னுடுச்சு.

வினோதினி: இந்தாண்ட சீட்டுக்கு வந்துடவா?

அறிவழகன்: அங்கேர்ந்து இங்க, இங்கேர்ந்து அங்க... ஏறுனதுலேர்ந்து மூணு சீட்டு மாத்திட்ட. ஒரு எடத்துல ஒக்காரு. ஆலப்பாக்கம் வந்துடுச்சு. இஞ்சின் போச்சு.

வினோதினி: ஒரு தடவ லேண்ட் பண்ண வுடேன்டா! எல்லாத் தடவையும் இஞ்சின் போச்சு, இஞ்சின் போச்சு... நல்லா எழும்பி, நல்லா ஒரு சுத்து சுத்தி, நல்லபடியா எறங்கி வரேனே... நான் லேண்டிங் எவ்ளோ அழகா பண்ணுவேன் தெரியுமா? கோர்ஸ்லயே என்னுதுதான் சுத்தம்னு சொன்னாங்க.

அறிவழகன்: லேண்டிங்ல நீ பாஸு. அதுக்கு எதுக்கு ட்யூஷன்?

வினோதினி: கேக்க ஆசையா இருக்கும்டா உனக்கு. தரைய வுட்டு சக்கரம் எழும்பறப்போ... சத்தமெல்லாம் பின்னாடி போயிடும். நம்ம சத்தத்துக்கு நம்ம முன்னாடி போறோம்னு இருக்கும். மேகத்துக்குள்ள நுழைஞ்சு மேல வந்தேன்னா, கீழ ஒரே வெள்ளை. அப்ப யாராச்சும் நம்ம பேரக் கேட்டாக்கூட ஒரு நிமிசம் யோசிச்சுத்தான் சொல்லணும்.

அறிவழகன்: அப்புறம் ஏன் ராத்திரியெல்லாம் தூங்காம எந்திரிச்சு எந்திரிச்சு தண்ணி குடிக்கற?

வினோதினி: ...வெயிலு.

கண்டக்டர்: யம்மா, நானும் பாத்துக்கிட்டே வரேன்... கண்ண மூடிக்கிட்டு அந்தாண்டயும் இந்தாண்டயும் சாயற. வாந்தி வருதா? சொல்லிடு, கவர் தரேன். போன வாரம் ஒரு ஆளு சொல்லாமயே எடுத்துட்டான். ஜன்னலோரம் நின்ன ஆளுதான் பாவம்.

வினோதினி: இல்லண்ணே, வாந்தியெல்லாம் இல்ல.

கண்டக்டர்: விமானம் விமானம்னு காதுல வுழுந்துச்சே. தையல்னாரு தம்பி?

அறிவழகன்: மாட்டிக்கிட்டோம். அண்ணே, எங்கக்கா ஏர்ஃபோர்ஸு. சண்டை விமானம் ஓட்டக் கத்துக்குது.

கண்டக்டர்: தையலே பரவாயில்ல, நம்பும்படியா இருந்துச்சு.

வினோதினி: நெசமாதாண்ணே. எங்கப்பா உங்க டிப்பார்ட்மெண்டுதான். பழனிவேலு டிரைவர். ரிட்டயர் ஆயிட்டாரு.

கண்டக்டர்: யாரு, கண்ணாடி சில்லு பழனிவேலா? அவரு பொண்ணா நீ! அட... தங்கமான மனுசனாச்சே. அப்ப நெசமா இருக்கும். ஏம்மா, அந்த விமானத்துல கண்டக்டர் உண்டா?

அறிவழகன்: பின்சீட்டுல ஒருத்தரு ஒக்காந்திருப்பாருண்ணே.

கண்டக்டர்: டிக்கெட் கிழிக்கறவரா?

அறிவழகன்: மானத்தக் கிழிக்கறவரு.

வினோதினி: அப்டிலாம் இல்லண்ணே. அவரு இன்ஸ்ட்ரக்டர். நம்ம ஓட்டறத பின்னாடிலேர்ந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. நம்ம கைக்கு எட்டற ஸ்டிக்கு, கைப்பிடி எல்லாமே அவருகிட்டயும் ஒண்ணு இருக்கும்.

கண்டக்டர்: அப்ப நீ வுட்டாலும் அவரு புடிச்சுக்குவாரு?

வினோதினி: ...ம். புடிச்சுக்குவாரு.

கண்டக்டர்: அப்புறம் என்னா கவல? எங்க வண்டில டிரைவர் தூங்குனா நான் விசில்தான் ஊதலாம். யோவ் ஏறு ஏறு, படில நிக்காத... வரேம்மா.

அறிவழகன்: பாரு, இப்ப அவரு போயி டிரைவர்கிட்ட சொல்லுவாரு. டிரைவர் கண்ணாடில உன்னப் பாத்துக்கிட்டே ஓட்டுவாரு. நம்ம நாலு பேரும் புதுச்சத்திரம் பெரியாஸ்பத்திரில ஒண்ணா படுத்திருப்போம்.

வினோதினி: புதுச்சத்திரத்துல ஏதுடா பெரியாஸ்பத்திரி?

அறிவழகன்: அதான் பயமா இருக்கு. சரி, ஸ்பீச்ச படிச்சியா?

வினோதினி: அத வேற ஞாபகப்படுத்தற. ஏன்டா என்னைய இதுல கோத்து வுட்ட?

அறிவழகன்: வேற வழியில்லக்கா. "அட்டெண்டன்ஸ் இல்ல, பரீட்சை எழுத வுட மாட்டேன்"னு ஞானசேகரன் சார் சொன்னாரு. "சார், எங்கக்கா ஃபைட்டர் பைலட்டு"ன்னேன். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா மனுசன் எழுந்து நின்னுட்டாரு. "மன்றத் தொடக்க விழாவுக்குக் கூட்டியா, நான் அட்டெண்டன்ஸ பாத்துக்கறேன்"னாரு.

வினோதினி: தலைப்பு என்னாடா?

அறிவழகன்: "பயத்தை வெல்வது எப்படி."

வினோதினி: எறங்கிடறேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கிடறேன்.

அறிவழகன்: நான் எழுதிக் குடுத்தத அப்டியே படி. "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, வானம் எல்லைன்னு சொல்வாங்க, ஆனா சிதம்பரத்துல மேம்பாலமே எல்லை..."

வினோதினி: இதப் படிச்சா உன்னைய காலேஜ வுட்டே அனுப்பிடுவாங்க.

அறிவழகன்: அட்டெண்டன்ஸ் பிரச்சன ஒரேயடியா தீந்துடும். இஞ்சின் போச்சு.

வினோதினி: ஸ்பீடு...

அறிவழகன்: இழு!

வினோதினி: சாரி... சாரி சார்... ஒரு செகண்டு...

அறிவழகன்: சாரின்னு யாருகிட்ட சொல்ற? விமானத்துகிட்டயா? செத்துட்ட. பின்னாடி இருக்கற நானும் செத்துட்டேன்.

வினோதினி: அப்டிச் சொல்லாத.

அறிவழகன்: ரெண்டு பேரும்தான செத்தோம்...

வினோதினி: சொல்லாதன்னு சொல்றேன்ல!

அறிவழகன்: சரி. சொல்லல.

வினோதினி: தண்ணி இருக்கா?

அறிவழகன்: இந்தா. மெதுவா குடி. ஏன் மேலெல்லாம் ஊத்திக்கற?

வினோதினி: பஸ்ஸு ஆடுது.

அறிவழகன்: பஸ்ஸு நிக்குதுக்கா. ரயில்வே கேட்டு.

வினோதினி: ...நான் வரலடா. நெசமா. உன் காலேஜுக்கும் வரல, திங்கக்கெழம அங்கயும் போவல. லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். பேங்க் பரீட்சை எழுதிக்கறேன். அடுத்தது என்னா ஸ்டாப்பு?

அறிவழகன்: பு.முட்லூர்.

வினோதினி: எறங்கி எதுர் பஸ்ஸு ஏறி வூட்டுக்குப் போறேன்.

அறிவழகன்: போ.

வினோதினி: தடுக்க மாட்டியா?

அறிவழகன்: தடுத்து என்னா பண்றது? சார்கிட்ட, "சீஃப் கெஸ்ட் பயத்தை வெல்றதுக்காக வூட்டுக்குப் போயிருக்காங்க"ன்னு சொல்லிக்கறேன்.

கண்டக்டர்: முட்லூர், முட்லூர்... எறங்கறவங்க வா வா! யம்மா, நீ ஏன் எந்திரிச்சுட்ட? சிதம்பரம்னுதான சீட்டு வாங்குன?

வினோதினி: இங்கயே...

கண்டக்டர்: எறங்கப் போறியா? சீக்கிரம் சொல்லும்மா, பின்னாடி வண்டி ஆரன் அடிக்கறான்.

வினோதினி: ...இல்லண்ணே. போலாம்.

கண்டக்டர்: போலாம் ரைட்!

அறிவழகன்: ஒக்காரு.

வினோதினி: நான் ஒண்ணு சொல்லணும்டா. திரும்பிப் பாக்காம சொல்றேன். நீயும் குறுக்க பேசாத.

அறிவழகன்: சரி.

வினோதினி: ஜோக்கடிக்காத.

அறிவழகன்: சரின்னேன்ல.

வினோதினி: போன தரம் சிமுலேட்டர்ல கை நின்னுச்சுன்னு சொன்னது பொய். நெச விமானம். ஒரு நாள் காலைல எழும்பி கொஞ்ச தூரம்தான் போனோம். பறவை அடிச்சு இஞ்சின் நின்னுடுச்சு. எல்லாம் எனக்கு மனப்பாடம்டா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கைப்பிடி என் ரெண்டு தொடைக்கு நடுவுல இருக்கு. பின்னாடிலேர்ந்து சார், "இழு"ன்னாரு. நான்... நான் என்னா சொன்னேன் தெரியுமா? "சாரி சார், ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன் சார்."

அறிவழகன்: ம்.

வினோதினி: நான் இழுக்கலடா. அவருதான் இழுத்தாரு. பின்சீட்டுல இழுத்தா ரெண்டு சீட்டும் சேந்து போவும். அதனாலதான் இந்த முதுகு. கீழ சோளக்காடு, ஆளுங்க யாரும் இல்ல. எனக்கு வெறும் வலிதான். அவரு எசகுபெசகா வுழுந்துட்டாரு. முதுகெலும்புல அடி. இன்னும் படுத்துதான் இருக்காரு. நான் மொதல்லயே இழுத்திருந்தா இன்னும் கொஞ்சம் உயரத்துல போயிருப்போம். அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காது.

அறிவழகன்: அவரப் போயி பாத்தியா?

வினோதினி: பாத்தேன். திட்டுவாருன்னு போனேன். திட்டவே இல்லடா. "அடுத்து உனக்கு சோலோ வரும். பின்சீட்டுல நான் இருக்க மாட்டேன். யாருமே இருக்க மாட்டாங்க"ன்னு மட்டும் சொன்னாரு. அதுலேர்ந்துதான் தூக்கம் வரல. எனக்குப் பறக்க பயமில்ல அறிவு. என் கை மேலதான் பயம்.

அறிவழகன்: ம். அப்ப நான் இங்க ஒக்காந்திருக்கறதே தப்பு.

வினோதினி: எங்க எந்திரிச்சுப் போற?

அறிவழகன்: முன்னாடி. நீ கண்ண மூடு. குடை, வாரு எல்லாம் சரியா இருக்கா? முதுக ஒட்டிக்க. நல்லா எழும்பி, உனக்குப் புடிச்ச அந்த மேகத்துக்குப் போ. பின்னாடி யாரும் இல்ல.

வினோதினி: டேய்...

அறிவழகன்: யாரும் இல்லன்னு சொல்றேன்ல, யாருகிட்ட பேசற?

கண்டக்டர்: என்னா தம்பி, அதுக்குள்ள எந்திரிச்சு வந்துட்ட? இன்னும் பாலமே வரல.

அறிவழகன்: அண்ணே, ஒரு ஒதவி. எங்கக்கா கண்ண மூடிக்கிட்டு இருக்குல்ல? உங்களுக்கு எப்ப தோணுதோ, அப்ப "இஞ்சின் போச்சு"ன்னு கத்தணும். எங்கிட்ட கூட சொல்லக் கூடாது.

கண்டக்டர்: சத்தமாவா?

அறிவழகன்: விமானத்துல எரைச்சல் ஜாஸ்திண்ணே.

கண்டக்டர்: பழனிவேலு அண்ணன் பொண்ணுக்காவ செய்யறேன். கைல சில்லற இருக்கு, ரெண்டு பேருக்குக் குடுத்துட்டு வந்துடறேன்... யாருப்பா, சிதம்பரம் கீழவீதி? பஸ்ஸு அங்கெல்லாம் போவாது, ஸ்டாண்டுல எறங்கி ஆட்டோ புடிச்சுக்க... இந்தாம்மா, மீதிய வாங்கிக்க... தள்ளி நில்லுப்பா, வெள்ளாறு பாலம், காத்து அடிக்கும்... இஞ்சின் போச்சு!

டிரைவர்: யோவ், என்னாய்யா சொல்ற! எதுல பொக வருது?

கண்டக்டர்: இல்லய்யா, வண்டிய நிறுத்தாத! நம்ம இஞ்சின் இல்ல! யாரும் எந்திரிக்காதீங்க... யம்மா, பூக்கூடைய ஏன் வெளிய வுட்ட? பாலத்து மேல எங்க குதிப்ப? எல்லாரும் ஒக்காருங்க! வண்டி நல்லா இருக்கு! இது வேற இஞ்சின்!

டிரைவர்: வேற இஞ்சினா? பாலத்து நடுவுல வண்டிய நிறுத்த வெச்சுட்டு வேற இஞ்சினாம். ஸ்டாண்டுக்கு வா, உன்னைய வெச்சுக்கறேன்.

அறிவழகன்: அக்கா.

வினோதினி: இழுத்துட்டேன்டா.

அறிவழகன்: பாத்தேன். அந்த ஆளு வாய மூடறதுக்குள்ள.

வினோதினி: ஸ்பீடு பாக்கல. உயரம் பாக்கல. யாருகிட்டயும் சாரி சொல்லல.

அறிவழகன்: இந்த வண்டியிலேர்ந்து மொதல்ல வெளிய போனது நீதான். அடுத்தது பூக்காரம்மா.

வினோதினி: வாரு அறுந்துடுச்சுடா உன் பையில... குடு, சாயங்காலம் தைச்சுத் தரேன்.

அறிவழகன்: தைக்காத. போனது போவட்டும்.

வினோதினி: திங்கக்கெழம போறேன்.

அறிவழகன்: போ.

வினோதினி: அங்கயும் இப்டி வருமா?

அறிவழகன்: வரும். வரலன்னா இந்தக் கண்டக்டர அங்க மாத்தல் வாங்கிக் குடுத்துரலாம். எறங்கு, ஸ்டாண்டு வந்துடுச்சு. மெதுவா... படி உயரம்.

வினோதினி: இரு. ஒண்ணு கேக்கறேன். விமானம் வுழுந்துச்சு, நான் சாவற மாரி இருந்தேன்னு அவ்ளோ நேரம் சொல்றேன், நீ 'ஐயோ'ன்னு ஒரு வார்த்த சொல்லல. 'ம்'ங்கற. உனக்குத் தூக்கிவாரிப் போடலியா?

அறிவழகன்: உங்க ஆபீஸ்ல அவசரத்துக்குன்னு, அப்பா தெரியாத நம்பர எடுக்க மாட்டாருன்னு, என் நம்பரத்தானக்கா குடுத்து வெச்சிருக்க... அவுங்க அன்னிக்கே கூப்ட்டுட்டாங்க. "வினோதினியோட தம்பியா?"ன்னு ஒருத்தரு கேட்டாரு. ஆமான்னேன். அதுக்கப்புறம் அந்த ஆளு இருமுனாரு. சும்மா இருமல்தான், "நல்லா இருக்காங்க"ன்னுதான் முடிச்சாரு. ஆனா அவரு இருமி முடிக்கறதுக்குள்ள நான் மனசுலயே உனக்கு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸு அடிச்சு, எந்த போட்டோ போடறதுன்னு தெரியாம முழிச்சு, கடைசில உன் காதுகுத்து போட்டோவப் போட்டு, மஞ்சக்குப்பம் முக்குல கம்பத்துல ஏறி நானே கட்டியும் முடிச்சுட்டேன்... வூட்ல யாருக்கும் சொல்லல, நீயா சொல்லட்டும்னு இருந்தேன். அந்த ஃப்ளெக்ஸ இன்னும் என்னால அவுக்க முடியலக்கா.